இருபத்து நான்காவது சுவிட்ச்

4 ஜூன் 2001, திங்கள்

சிறுவாணித் தண்ணீர் காலை 5.40 முதல் 7.15 வரை வந்தது. பதினொரு குடம், ஓர் அண்டா. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. நான் குறித்து வைத்திருந்த ஒன்றரைக் கரண்டி இருநூறு கிராம் பருப்புக்கு உரியது. இன்று நூறு கிராம்தான் போட்டேன். மயிலாத்தாள் ஒன்றும் சொல்லாமல் தயிர் ஊற்றிச் சாப்பிட்டாள். முன்பானால் சொல்லியிருப்பாள்.

மத்தியானம் டிவி கேமைப் பெட்டியில் போட்டுக் கட்டச் சொன்னாள்.

அது எங்கள் மகள் பூங்கோதை கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. அவள் கல்யாணமாகிப் புனே போனபோது எங்களிடம் விட்டுப் போனாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை மூடிய பிறகு மயிலாத்தாள் தினமும் மூன்று மணிக்கு அதன் முன் உட்காருவாள். இருபத்தாறு வருடம் விரல்களுக்குப் பாடம் சொன்னவள். விரல் சும்மா இருக்காது என்பாள். ஒரு குட்டையான ஆள் கையில் விளக்குடன் குழிகளைத் தாண்டிப் போகிற விளையாட்டு. பெயர் ஜப்பானிய எழுத்தில் இருப்பதால் இன்றுவரை தெரியாது. இவள் அவனுக்குக் குட்டையன் என்று பெயர் வைத்தாள். எட்டுக் கட்டங்களில் ஏழு வரை போயிருக்கிறாள்.

பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. பேச்சும் காலும் பத்து நாளில் திரும்பின, கை திரும்பவில்லை. விரல்களை உபயோகித்தால்தான் வரும், விட்டுவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். பிசியோதெரபி செய்யும் பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். அது வெங்காயக் கூடையில் கிடக்கிறது.

"கட்டி மேல போட்டுருங்க. யாராச்சும் கேட்டா குடுத்துப்போடலாம்" என்றாள்.

"இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமே?"

"மூணு தரம் உழுந்தா ஆட்டம் முடிஞ்சுதுன்னு எழுதிக் காட்டுதுங்க. அதையே நாளைக்குப் பத்து தரம் படிக்கோணுமா நானு?"

கட்டினேன். ஆனால் பரணில் போடவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

7 ஜூன், வியாழன்

ஒரு யோசனை. தப்பாகவும் இருக்கலாம்.

மூன்று தரம் விழுந்தால் ஆட்டம் முடிகிறது. அப்படியானால் அந்தக் கருவி எங்கோ எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தரம் விழும்போதும், கருவியில் சொருகும் விளையாட்டு கார்ட்ரிட்ஜில் எழுதியிருக்கும் ஆயிரக்கணக்கான கட்டளைகளில் ஏதோ ஒன்று 'ஒன்றைக் குறை' என்கிறது. அந்த ஒரு கட்டளையை மட்டும் மாற்ற முடிந்தால் குட்டையன் விழலாம், ஆட்டம் முடியாது. அவள் கட்டைவிரல் ஆயிரம் தரம் முயன்று பார்க்கலாம்.

பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருடம் மைக்ரோபிராசசர் ஆய்வகம் நடத்தினேன். இந்த டிவி கேமுக்குள் இருப்பது எங்கள் ஆய்வக மேசைமேல் இருந்த சில்லின் தம்பி. அதன் கட்டளைகள் இன்னும் மனப்பாடம். ஆனால் பாடம் சொன்னதைத் தவிர நான் எதையும் செய்து முடித்ததாக நினைவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. ஏமாற்றி ஜெயிப்பது அவளுக்குப் பிடிக்காது. தேர்வு நாளில் ஒரு பெண் எழுத்தை ரப்பரால் அழித்ததற்காக அவள் தாளையே கிழித்தவள்.

12 ஜூன், செவ்வாய்

பூங்கோதைக்குப் போன் செய்துவிட்டு காந்திபுரம் அற்புதசாமி கடைக்குப் போனேன். பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை பார்த்தவர். இப்போது டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எனக்கு நேர் எதிர்: முதலில் ஷாக் அடிக்கவிட்டுப் பிறகு பிளக்கைப் பிடுங்குகிற ஆள்.

விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூலைத் தட்டிச் சிரித்தார்.

"வாத்தியாரே, பத்து வருஷம் லேட்டு! வெளிநாட்டுல இதையே ஒரு சாமானாச் செஞ்சு வித்துட்டானுக. கார்ட்ரிட்ஜுக்கும் பெட்டிக்கும் நடுவுல சொருகுறது. கேம் செஞ்ச கம்பெனிகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

"கேக்காம எப்படி? சட்டப்படி..."

"சட்டமாவது! ஜப்பான்காரன் பஸ் ஏறி கணபதி ஏரியாவுக்கு வந்து உங்க கதவைத் தட்டுவானா? வந்தா மயிலாத்தாக்கா காப்பி போட்டுக் குடுக்கட்டும்."

தத்துவம் எளியது. கருவி கார்ட்ரிட்ஜைப் பார்த்து 'இன்ன இடத்தில் என்ன எழுதியிருக்கிறது?' என்று விநாடிக்குப் பல லட்சம் தரம் கேட்கிறது. நாங்கள் நடுவில் உட்கார வேண்டும். எல்லாக் கேள்விகளையும் அப்படியே போகவிட வேண்டும். ஒரே ஓர் இடத்தைக் கேட்கும்போது மட்டும் கார்ட்ரிட்ஜின் வாயைப் பொத்திவிட்டு நாங்கள் பதில் சொல்ல வேண்டும். அது 'குறை' என்று சொல்ல வாயெடுக்கும். நாங்கள் 'பார்' என்போம். இருப்பதை எடுத்துப் பார்த்துவிட்டுப் போ, குறைக்காதே.

திருடவில்லை, எதையும் எடுக்கவில்லை என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா என்று தெரியவில்லை.

19 ஜூன், செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. கார்ட்ரிட்ஜில் உள்ளது முழுவதையும் அற்புதசாமி கடையில் அச்சடித்து எடுத்துவந்தேன். ஒட்டிய தாளாக விரித்தால் கூடத்திலிருந்து புழக்கடை வரை போகும். அரிசி டிரம்முக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறேன்.

23 ஜூன், சனி

'ஒன்றைக் குறை' என்ற கட்டளை போலத் தெரியும் இடங்களுக்கெல்லாம் தாளில் சிவப்பு டிக் அடித்து, நோட்டில் வரிசை எண், இடம், முடிவு என்று மூன்று பத்தி போட்டு நகலெடுத்தேன். மொத்தம் 118. இதில் எது உயிரைக் குறைப்பது, எது கடிகாரத்தை, எது வேறு எதையோ என்று படித்துத் தெரிந்துகொள்ள என்னைவிடக் கெட்டிக்காரன் வேண்டும். என்னால் முடிந்தது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது.

அதற்கு ஒவ்வொரு தரமும் குட்டையன் ஒரு தரம் விழ வேண்டும். நான் விளையாடினால் அவள் கேள்வி கேட்பாள். ஆகவே அவள்தான் விழ வேண்டும், தெரியாமல்.

25 ஜூன், திங்கள்

அற்புதசாமி நடுவில் சொருகும் இணைப்புப் பலகையைச் செய்து முடித்தார். சின்னச் சின்ன சுவிட்சுகள், வரிசைக்கு எட்டாக மூன்று வரிசை. பதினைந்து சுவிட்ச் இடத்தைச் சொல்ல. எட்டு, நாங்கள் சொல்லும் பதிலுக்கு. மிஞ்சிய இருபத்து நான்காவதை முழுவதையும் அணைக்கவும் போடவும் வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் ஒரு பிளைவுட் பெட்டிக்குள் வைத்து மூடி போட்டேன். வீட்டுக்கு வந்து டிவி கேமைக் கட்டவிழ்த்தேன்.

"அதென்னங்க புதுப் பெட்டி?"

"ஸ்டெபிலைசர். கரண்ட் ஏறி எறங்குதில்ல, அதான் கேம் கெட்டுப் போச்சோன்னு..."

மயிலாத்தாள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

"ஒரு நிமிஷம் ஓட்டிப் பாக்கறயா? பெட்டி வேலை செய்யுதான்னு தெரியணும்."

மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எண் 1: குறைகிறது. எண் 2: குறைகிறது. எண் 3: படம் வரவில்லை.

29 ஜூன், வெள்ளி

ஒரு நாளைக்கு ஆறு வீதம் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இடையே 'கரண்டைச் சரி செய்கிறேன்' என்று அவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு சுவிட்சுகளை மாற்றுகிறேன். இன்று ஆறு தரம் தண்ணீர் குடித்தேன்.

எண் 22-இல் வௌவால்கள் நகராமல் தொங்கின. எண் 24-இல் பாட்டு ஒரே சுரத்தில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் என்று நினைத்திருக்கக்கூடும்.

கவலை தருவது வேறு. அவள் முதல் குழியிலேயே விழுகிறாள். மே மாதத்தில்கூட முதல் குழியைத் தாண்டினாள், இரண்டாவதில்தான் விழுவாள். இப்போது பொத்தானை அழுத்தவே முயலவில்லை. வலது கை மடியிலேயே கிடக்கிறது. நேராக நடத்திக்கொண்டு போய் விழவைத்துவிட்டு, "ம், உழுந்தாச்சு. மூணு ரெண்டாயிருச்சு. அடுத்ததுங்க?" என்கிறாள். அடுத்த உயிரைச் சொல்கிறாள் போலும்.

கை மேலும் மோசமாகிறது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்ல பயமாக இருக்கிறது.

4 ஜூலை, புதன்

எண் 47. குழியில் விழுந்த குட்டையன் கீழே போகவில்லை. அந்தரத்தில் நின்று விளக்கை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயோ, பாருங்க! திரிசங்காட்டம் நிக்கிறானுங்க!"

பிப்ரவரிக்குப் பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்தது இன்றுதான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எண் 47 தோல்வி. இருந்தாலும் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

6 ஜூலை, வெள்ளி

60 முதல் 65 வரை. எல்லாம் குறைகிறது. பக்கம் திருப்பியாயிற்று.

11 ஜூலை, புதன்

ஆயுள் சான்றிதழ் விஷயமாக வங்கிக்குப் போய்வந்தேன். அங்கிருந்து அற்புதசாமி கடை. கிளம்பும்போது மயிலாத்தாள் கேட்டாள்: "நோட்டைக் கையோட எடுத்துட்டுப் போறீங்களா, வெச்சுட்டுப் போறீங்களா?"

"எந்த நோட்டு?"

"சமையல் நோட்டுங்க. ரசத்துக்குப் புளி எத்தனைன்னு பாக்கோணும்."

வைத்துவிட்டுத்தான் போனேன், இரண்டையும். திரும்பி வந்தபோது ரசம் நன்றாக இருந்தது. இடது கையாலேயே வைத்திருக்கிறாள்.

என் பென்சில் மேசையில் இல்லை. தேடியதில் வெங்காயக் கூடையில் கிடந்தது. எப்படிப் போனது என்று தெரியவில்லை; மறதி கூடிவருகிறது. கூடையில் ரப்பர் பந்தைக் காணோம். அதையும் நான்தான் எங்கோ வைத்துவிட்டேனோ?

அரிசி டிரம் ஒரு சாண் நகர்ந்திருந்தது. எலி.

16 ஜூலை, திங்கள்

92 முதல் 97. குறைகிறது.

ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது. கொடியில் காயப்போட்ட வேட்டி எதிர்வீட்டு முருங்கையில்.

20 ஜூலை, வெள்ளி

118-ம் முடிந்தது. குறைகிறது.

எதுவும் இல்லை. இருக்க வேண்டிய கட்டளை இல்லாமல் ஒரு விளையாட்டு எப்படி எண்ண முடியும்? நான் கற்றதே தப்பா? முப்பத்தொரு வருடம் அந்தப் பிள்ளைகளுக்குத் தப்பாகவே சொல்லிக்கொடுத்தேனா?

அற்புதசாமிக்குப் போன் செய்தேன். "வாத்தியாரே, எங்கயோ ஒண்ணை விட்டிருப்பீங்க. திருப்பி முதல்ல இருந்து பாருங்க" என்றார். நானா விடுவேன்? ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் பார்த்தவன்.

இருபத்தாறு நாள் ஒரு நோயாளிப் பெண்ணைக் குழியில் விழவைத்ததுதான் மிச்சம். நாளை பெட்டியைப் பிரித்துவிட்டு டாக்டரிடம் போகப் போகிறேன்.

21 ஜூலை, சனி

நடந்ததை நடந்த வரிசையில் எழுத முயல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைப் பிரிக்கத் திருப்புளி எடுத்தேன். பிரிப்பதற்கு முன் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'முடிந்தது' என்று எழுதித் தேதி போடலாம் என்று தோன்றியது. எதையும் தேதி போடாமல் மூட என்னால் ஆகாது. நான்காம் பக்கத்துக்கு வந்தேன். ஜூலை 6-க்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

63-க்கும் 64-க்கும் நடுவே பென்சிலால் ஒரு வரி இருந்தது. 63-அ. அதற்கு எதிரே இடத்தின் எண். எழுத்து கோணிக் கோணி, கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஏறி இறங்கி, சிலேட்டில் முதல் தரம் எழுதும் குழந்தையுடையது போல இருந்தது. வீட்டுக்கு எந்தக் குழந்தையும் வரவில்லை.

டிரம்முக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்து விரித்தேன். இரண்டு வரிகள் அடுத்தடுத்து, தொடக்கமும் முடிவும் ஒன்றுபோலவே இருந்தன. இரண்டிலும் டிக் அடித்திருக்கிறேன். முதல் வரியை நகலெடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது கண் இரண்டாவதைத் தாண்டிப் போயிருக்கிறது. இரண்டு தரம் பார்த்தபோதும் அதே கண்தான் பார்த்திருக்கிறது.

டைப்ரைட்டிங் படிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. இன்ஸ்டிடியூட்டில் மயிலாத்தாள் மூலத்தில் ஒரு விரலும் நகலில் ஒரு விரலும் வைத்து வரி வரியாகக் கீழே இறங்குவாள். அவளிடம் ஒரு வரியும் தப்பியதில்லை.

ஒரு விரல் இடது கையில் இருந்திருக்கும். இன்னொரு விரல்?

நோட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அவள் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ரப்பர் பந்து.

"இது நீ எழுதுனதா?"

"பின்ன, எலியா எழுதும்?"

"எந்தக் கையில?"

"எழுதுற கையிலதான். ஒரு வரிக்கு முக்கா மணி நேரமாச்சுங்க. பென்சிலு நாலு தரம் கீழ உழுந்துது."

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்ப இருந்து தெரியும்?"

"ஸ்டெபிலைசருன்னு சொன்னீங்களே, அன்னைக்கே மூடியைத் தொறந்து பாத்துட்டேன். ஸ்டெபிலைசர்ல எங்கீங்க இருவத்தினாலு சுவிட்சு இருக்கும்? அப்பறம், கரண்டைச் சரி பண்றேன்னு எனக்குத் தண்ணி எடுத்தார வேலை. குடிச்சு குடிச்சு உங்க வவுறே அண்டாவாட்டம் ஆயிருச்சு."

"அப்ப தெரிஞ்சேதான் உழுந்தயா?"

"உழுகாட்டி குறையுதா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தாண்டிப் போயி நேரத்தைக் கடத்துறதா?"

"கை மோசமாயிருச்சுன்னு நான்..." நோட்டைத் தரையில் வைத்தேன். "ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நிறுத்திப்போடுவீங்க."

அது உண்மை. நிறுத்தியிருப்பேன்.

"எழுதி வெச்சுப் பத்து நாளாச்சு. நீங்க பக்கத்தைத் திருப்புவீங்க திருப்புவீங்கன்னு பாத்தா, முன்னாலயே போயிட்டிருந்தீங்க. நானும் எத்தனை நாளைக்குத்தான் உழுகுறது?"

"ஏமாத்து வேலைன்னு உனக்குக் கோவம் வரும்னு நெனச்சேன்."

"பரிச்சையில ஏமாத்துனாத்தான் தப்பு. இது பழகுறதுக்குத்தானுங்களே? பழகும்போது தாளைக் கணக்குப் பாத்தா யாரும் டைப்படிக்க முடியாது. எந்திரிங்க, உங்க அறுவத்தி மூணு அ-வைப் போட்டுப் பாப்போம்."

தண்ணீர் எடுத்துவர அனுப்பாமல் முதல் தரமாக அவள் எதிரிலேயே சுவிட்சுகளை மாற்றினேன். அவள் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாள்.

குட்டையன் நடந்தான். விழுந்தான். மூன்று. மறுபடி விழுந்தான். மூன்று. மறுபடி. மூன்று.

ஏழு தரம் விழவைத்துப் பார்த்தாள்.

முடிவுப் பத்தியில் 'குறையவில்லை' என்று அவளே எழுதட்டும் என்று நோட்டை நீட்டினேன். "உங்க கையெழுத்துல இருக்கட்டும்" என்றாள். எழுதினேன். என் எழுத்தும் கோணியது.

22 ஜூலை, ஞாயிறு

அற்புதசாமி பிஸ்கட்டுடன் வந்தார். "அக்கா, நூறு பலகை செஞ்சு காந்திபுரத்துல வித்துரலாமா? மேல வாத்தியார் படம் போட்டு?"

"வாத்தியார் படம் போட்டா யாருங்க வாங்குவாங்க?" என்றாள்.

24 ஜூலை, செவ்வாய்

உயிர் குறையாவிட்டாலும் தாவ வேண்டிய நேரத்தில் பொத்தானை அழுத்தித்தான் ஆக வேண்டும். அவள் கட்டைவிரல் அரை விநாடி தாமதம். குட்டையனுக்கு அரை விநாடி என்றால் ஒரு குழி.

ஆகவே ஒரு ஏற்பாடு. திசைக்கட்டை அவள் இடது கையில். தாவும் பொத்தானில் என் கட்டைவிரல். அதன்மேல் அவள் வலது கை, எப்போது என்று எனக்குத் தெரிவதற்காக.

நான் என் வாழ்க்கையில் எதையும் சரியான நேரத்தில் அழுத்தியவன் இல்லை.

"இப்ப!"

"இப்பவா?"

"போயிட்டானுங்க."

இன்று மட்டும் நாற்பத்தொரு தரம் விழுந்தோம். எண்ணிக்கை மூன்று.

30 ஜூலை, திங்கள்

மூன்றாவது கட்டம். சாம்பாரில் உப்பு இல்லை என்று திட்டினாள். சந்தோஷமாக இருந்தது.

3 ஆகஸ்ட், வெள்ளி

இன்று ஒன்று நடந்தது. சரியாகப் பார்த்தேனா என்று தெரியவில்லை.

நான்காவது கட்டம், வௌவால் இருக்கும் குழி. எனக்குத் தும்மல் வந்தது. அழுத்தத் தவறிவிட்டேன். நிச்சயமாக அழுத்தவில்லை. குட்டையன் தாண்டிவிட்டான்.

அவள் அடுத்த குழிக்கு அவனை நடத்திக்கொண்டு போனாள்.

4 ஆகஸ்ட், சனி

ஒரு தரம் நடந்தது எதையும் நிரூபிக்காது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதிதாக மூன்று பத்தி போட்டேன். பத்துக் குழிகளில் வேண்டுமென்றே என் விரலைத் தளர்த்தி வைத்திருந்தேன். நான்கைத் தாண்டினான். மற்ற ஆறிலும் அவள் "தூங்கறீங்களா?" என்று கேட்டாள்.

9 ஆகஸ்ட், வியாழன்

பத்தில் எட்டு.

அவள் கை என் விரலை இப்போது வலிக்கும்படி அழுத்துகிறது. நகத்துக்கு அடியில் சிவந்திருக்கிறது. நோட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாது.

10 ஆகஸ்ட், வெள்ளி

டிரம் ஒரு சாண் நகர்ந்திருந்தது.

11 ஆகஸ்ட், சனி

தண்ணீர் வரவில்லை. மூன்று மணிக்கு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இன்னைக்கு நீங்க சும்மா உக்காந்து பாருங்க."

"சரி."

"அந்தக் கடைசி சுவிட்சை அணைச்சுப்போடுங்க."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே. மூணு தரம்தான், அப்பறம் மறுபடி முடிஞ்சுதுன்னு காட்டும். உனக்கு..."

"காட்டட்டுங்க. பழகியாச்சு. இனிப் பரிச்சை."

மூடியைத் திறந்தேன். இருபத்து நான்காவது சுவிட்சை அணைப்பதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு காப்பி போட்டிருக்கலாம்.

முதல் குழியைத் தாண்டினாள். இரண்டாவதை, மூன்றாவதை. முதல் கட்டம் முடிந்தது. இரண்டாவது கட்டத்தின் நடுவில், வௌவாலைப் பார்த்து அவசரப்பட்டு, அழுத்த வேண்டியதற்கு முன்பே அழுத்திவிட்டாள். முன்பே! தாமதமாக இல்லை. குட்டையன் விளக்கோடு குழிக்குள் போனான். மேல் மூலையில் மூன்று இரண்டாயிற்று.

"எழுதுங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நோட்டை எடுத்து முடிவுப் பத்தியில் எழுதினேன்: குறைகிறது.